பெட்டிக்குள் நான் பேசிய வெள்ளிக்கிழமை

வேலையை விட்ட பிறகும் உங்களில் சிலர் என்னைக் கூப்பிடுகிறீர்கள். “சுபா மேடம், நாளைக்கு முதல் தடவையா ஒரு வீட்டுக்கு புரோட்டோடைப் எடுத்துட்டுப் போறோம். எதைக் கவனிக்கணும்?” என்று கேட்கிறீர்கள். போனை சார்ஜ் போட்டுக்கொள், தண்ணீர் எடுத்துக்கொள், ரயிலில் கதவோரம் நிற்காதே, வீடு போய்ச் சேர்ந்ததும் ஒரு மெசேஜ் போடு என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறேன். வைப்பதற்குள் நீங்கள் சிரிப்பது கேட்கும். உங்கள் வயதில் எனக்கு ஒரு பெண் இருக்கிறாள், புணேயில் வேலை. அவளுக்குச் சொல்வதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். அவளும் சிரிப்பாள்.

நீங்கள் கேட்டதற்கு அது பதில் இல்லை என்று தெரியும். பதில் கொஞ்சம் நீளம். பேச ஆரம்பித்தால் எனக்குக் குரல் மாறிவிடுகிறது. அதனால் எழுதுகிறேன்.

அப்போது நம் அலுவலகம் இப்போது போல் கண்ணாடிக் கட்டிடத்தில் இல்லை. மாடுங்கா ஸ்டேஷன் பக்கம், ஒரு டிபன் கடைக்கு மேலே இரண்டே அறைகள். காலையில் சாம்பார் வாசனை மேலே ஏறி வரும். தெர்மோகோல் துண்டுகள், வெட்டிய அட்டைகள், ஃபெவிகால் காய்ந்த மேஜைகள். ஒரு பொருளை உண்மையாகச் செய்வதற்கு முன் அட்டையில் செய்து பார்ப்போம். அதைத் தூக்கிக்கொண்டு யார் வீட்டுக் கதவையாவது தட்டுவோம். அந்தக் குப்பைக்கு நடுவில் இருந்த வருஷங்கள்தான் என் வேலையில் நல்ல வருஷங்கள்.

ஆனால் ஒரு தொந்தரவு இருந்தது. நம் ஜனங்களின் மரியாதை.

மாடுங்காவில் ஒரு மாமி வீட்டுக்கு மின்சார பில் கட்டுகிற செயலியின் மாதிரியை எடுத்துப்போனோம். மாமி எல்லாப் பொத்தானையும் அழுத்தினார், பில் கட்டும் பொத்தானைத் தவிர. திரும்பத் திரும்ப முதல் பக்கத்துக்கே வந்து நின்றார். கடைசியில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “ரொம்ப நன்னா இருக்கு. என் கண்ணுதான் சரியில்லை” என்றார். பிறகு காபி வந்தது, பட்சணம் வந்தது. வாசல்வரை வந்த அவர் கணவர் மெதுவாகச் சொன்னார்: “அவ பேச்சை எழுதிண்டு போகாதேங்கோ. நான் கிண்டின உப்புமாவையே நன்னா இருக்குன்னு சொன்னவ அவ. வெயில்ல வந்த கொழந்தைகளை ஏன் நோக அடிக்கணும்னு நெனைப்பா.”

எந்த வீட்டுக்குப் போனாலும் இதே கதை. அப்போதுதான் எங்கள் தலைவருக்கு அந்த யோசனை வந்தது. அவர் மராட்டிக்காரர், அதிகம் பேச மாட்டார். ஆள் கேட்டால்தானே மரியாதைக்குப் பதில் சொல்கிறார்கள், கருவியே கேட்கட்டும் என்றார். கருவியிடம் யார் மரியாதை பார்ப்பார்கள்?

அந்தச் சமயம் எங்கள் கையில் இருந்தது ஒரு பேசும் பெட்டி. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்காக. எழுதப் படிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு மாத்திரை நேரத்தைத் தமிழில் நினைவூட்டும். ஸ்வீட் பாக்ஸ் அளவுதான். உள்ளே ஒரு ஸ்பீக்கர், ஒரு மைக். வெளியே ஒரு பச்சைப் பொத்தான். மாத்திரை அவரவர் மருத்துவர் கொடுத்ததுதான். பெட்டி ஞாபகப்படுத்தும், அவ்வளவே. அதற்கு அறிவு என்று எதுவும் இன்னும் தயாராகவில்லை. ஜனங்கள் ஒரு பெட்டியோடு பேசுவார்களா என்று முதலில் தெரிய வேண்டும். அறிவைப் பிறகு செய்துகொள்ளலாம். அதனால் பெட்டிக்குப் பதிலாக ஒரு ஆள் பேச வேண்டும். எங்கள் தொழிலில் இது பழைய வழக்கம்தான். குழுவில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்தி. நான் பெட்டியானேன்.

மாடுங்கா அலுவலகத்தின் உள்ளறையில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அங்கே அவர்கள் பொத்தானை அழுத்தினால் இங்கே என் மேஜையில் விளக்கு எரியும். என் குரல் ஒரு மென்பொருள் வழியாகத் தகரக் குரலாக மாறிப் போகும். என்ன பேசலாம் என்று தலைவர் ஒரு தாளில் வாக்கியங்களை எழுதி என் முன்னால் ஒட்டியிருந்தார். தாளில் இல்லாத எதையும் பெட்டி பேசக் கூடாது. யாராவது வேறு எதையாவது சொன்னால் ஒரே பதில்: “மன்னிக்கவும், புரியவில்லை. மறுபடியும் சொல்லுங்கள்.”

பெட்டி வைத்த வீடுகளில் ஒன்று தாராவியில், லில்லி புஷ்பம் அக்கா வீடு. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், கல்யாணமாகி வந்ததிலிருந்து தாராவிதான். ஒரே அறை, மேலே பரண். கணவர் அணுசக்தி நகர்ப் பக்கம் காவல் வேலைக்குக் காலையிலேயே போய்விடுவார். ஒரே மகள் ஜெபா கல்யாணமாகி சான்பாடாவில் இருந்தாள். பக்கத்துக் கதவு ஷபனா, எந்நேரமும் தையல் மிஷினில். அந்தச் சத்தத்தை மீறிக் கேட்க வேண்டும் என்று ஸ்பீக்கரைப் பெரிதாகப் போட்டோம். ஃபிரிட்ஜின் மேல், பைபிள் வசன காலண்டருக்குப் பக்கத்தில், அக்காவே பெட்டிக்கு இடம் ஒதுக்கினார்.

பெட்டியிடம் பேசுவதெல்லாம் எங்கள் ஆபீசுக்குக் கேட்கும் என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினோம். தலையாட்டினார். ஆபீஸ் என்றால் அங்கே ஒரு ஆள் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள் என்று அவருக்குத் தோன்றவில்லை. நாங்களும் அதை விளக்கவில்லை. விளக்கினால் சோதனையே இல்லை.

முதல் நாள் காலை பொத்தானை அழுத்தியதும், “ஏட்டி பெட்டி, எந்திச்சிட்டியா?” என்றார்.

தாளில் இருந்ததைச் சொன்னேன். “காலை வணக்கம். சாப்பிட்டுவிட்டீர்களா?”

“சாப்ட்டேன், சாப்ட்டேன். நீ என்ன சாப்ட்ட, கரண்டா?”

நான் மைக்கை அணைத்துவிட்டுச் சிரித்தேன். வெளியறையில் இருந்த எங்கள் குழுப் பையன் ஓம்கார் எட்டிப் பார்த்தான். அவனுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் தினமும் காலையில் அந்த ஒரு வீட்டு விளக்கு எரியும்போது எனக்குப் பக்கத்தில் வந்து நிற்கிற பழக்கம் அவனுக்கு வந்துவிட்டது.

போகப்போக அக்கா மாத்திரை நேரம் இல்லாத வேளையிலும் பொத்தானை அழுத்த ஆரம்பித்தார். தண்ணீர் வராதது, கணவரின் குறட்டை, சபையில் யாரோ போட்டுவந்த பட்டுப் புடவை. ஒரு நாள் குரலைத் தாழ்த்தி, “எம் மவ முழுகாம இருக்கா, பெட்டி. ஒருத்தர்ட்டயும் சொல்லல, அவ அப்பாகிட்டகூட. முன்னால ரெண்டு தடவை தங்கல. இந்தத் தடவையாவது தங்கணும்” என்றார்.

“மன்னிக்கவும், புரியவில்லை” என்றேன்.

“ஒனக்குப் புரியாதுன்னுதானே சொல்லுதேன்” என்றார்.

அதை நான் குறிப்பில் எழுதவில்லை. அன்று செம்பூரில் என் வீட்டுக்குத் திரும்புகிற ரயிலில் என் பெண்ணுக்கு இரண்டு தடவை போன் செய்தேன், காரணம் எதுவும் இல்லாமல். அவள் அப்போது பத்தாவது.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்கள் வந்தன. அதில் ஒரு வெள்ளிக்கிழமை. காலையில் வழக்கம்போலக் கேட்டேன். “சாப்ட்டாச்சு” என்றார். கிண்டல் எதுவும் இல்லை. “மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள்” என்றேன். டம்ளர் வைக்கிற சத்தம் கேட்டது.

மதியச் சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் விளக்கு எரிந்தது.

“பெட்டி... ஏ பெட்டி...” குரல் இழுத்தது. “ஒரு மாதிரி வருது. கையி நடுங்குது. ஃபேன் சுத்தத்தான் செய்யுது, வேத்து ஊத்துது.”

என் அப்பாவுக்கு சர்க்கரை நோய் உண்டு. அது என்னவென்று எனக்குத் தெரியும். சர்க்கரை இறங்கிக்கொண்டிருக்கிறது, விட்டால் நினைவு போய்விடும். ஆனால் வாய் பழகியிருந்தது. “மன்னிக்கவும், புரியவில்லை. மறுபடியும் சொல்லுங்கள்” என்றது.

அக்கா மறுபடியும் சொன்னார். பெட்டிக்குப் புரிய வேண்டும் என்று, தேய்ந்துகொண்டிருந்த அந்தக் குரலை ஒன்றுகூட்டி, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். “வேர்க்... குது. கை. நடுங். குது.”

இந்தக் குரல்தான். நீங்கள் போனில் கேட்கும்போது என்னால் பேச முடியாமல் போவது இதனால்தான்.

நிமிர்ந்து பார்த்தேன். தலைவர் வாசலில் நின்றிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. என் முகம் தெரிந்தது. சர்க்கரை இறங்குகிறது, வீட்டில் வேறு ஆள் இல்லை என்று சொன்னேன். அவர் வந்து என் முன்னால் ஒட்டியிருந்த தாளைக் கிழித்து எடுத்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “அப் தூ போல்” என்றார். இனி நீயே பேசு. அடுத்த நிமிஷம் ஓம்காரின் பைக் சாவியை அவன் கையில் வைத்துப் படிக்கட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார்.

என்னவாகப் பேசுவது? இதை மட்டும் நீங்கள் ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். ஏற்கெனவே தடுமாறுகிற ஒருவரிடம் பெட்டி திடீரென்று மனுஷியாக மாறினால் பயந்துவிடமாட்டாரா? அவர் பெட்டி சொன்னதைத் தட்டியதே இல்லை. அதனால் முதலில் தகரக் குரலிலேயே சொன்னேன்.

“அக்கா, சீனி டப்பாவை எடுங்கள். ரெண்டு ஸ்பூன் தண்ணீரில் போட்டு உடனே குடியுங்கள்.”

“முடியாதுட்டி. இன்னைக்கு உபவாசம்லா.”

“காலையில் சாப்பிட்டேன் என்றீர்களே?”

“உபவாசம் இருக்கது அடுத்தவங்களுக்குத் தெரியப்படாதுன்னு வேதத்துல இருக்கு. மூஞ்சி கழுவி, தலைக்கு எண்ண வச்சு, சாப்ட்டவ மாதிரி இருக்கணும். அதான் சாப்ட்டேன்னேன்.” மூச்சு வாங்கினார். “சாப்ட்டேன்னு சொன்ன பொறவு மாத்திரையப் போடுன்னுட்ட. போடலன்னா ரெண்டாவது பொய்யில்லா ஆயிரும்.”

எத்தனையோ வருஷமாக உபவாச நாளில் அவர் காலை மாத்திரையைத் தாமாகவே தள்ளிப் போட்டுவந்திருக்கிறார். அப்போதெல்லாம் யாரும் கேட்டதில்லை. இந்த வருஷம் நாங்கள் கேட்டோம்.

“பரவாயில்லை, குடியுங்கள் அக்கா. இது மருந்து மாதிரிதான்.”

“ஜெபாவுக்காகப் பொருத்தனை பண்ணிருக்கேன். மாத்திரைக்குக் குடிச்ச ஒரு வாய் போக, சாயங்காலம் வரைக்கும் பச்சத் தண்ணி தொடமாட்டேன். நடுவுல விட்டா பிள்ளைக்கு ஏதாவது ஆயிரும்.”

பெட்டியால் இதற்கு என்ன சொல்ல முடியும்? கரண்ட் சாப்பிடுகிற ஒன்றுக்கு, கடவுளிடம் நேர்ந்துகொண்ட பொருத்தனையைப் பற்றிப் பேச என்ன உரிமை இருக்கிறது? மென்பொருளை நிறுத்தினேன். என் சொந்தக் குரல் தாராவியில் அந்த ஃபிரிட்ஜின் மேலிருந்து கேட்டது.

“அக்கா, நான் சுபா. பெட்டி வைக்க வந்தேனே, அந்த சுபா.”

“நீ எப்பட்டி உள்ள போன?”

“அதெல்லாம் அப்புறம் சொல்றேன். நீங்க விழுந்துட்டா ஜெபாவுக்குப் பேறுகாலம் யாரு பாக்கறது? பிள்ளைய யாரு குளிப்பாட்டறது? நானும் ஒரு பொண்ணு வச்சிருக்கேன் அக்கா, சொல்றேன், குடிங்க.”

“ஜெபாவ ஒனக்கு எப்பிடித் தெரியும்?”

நான் பதில் தேடுவதற்குள் ஏதோ பாத்திரம் தரையில் உருண்டது. பிறகு பெரிதாக ஒன்று விழுந்த சத்தம். “அக்கா” என்றேன். தையல் மிஷின் சத்தம் மட்டும் வந்தது.

அப்போதுதான் ஸ்பீக்கர் ஞாபகம் வந்தது. ஒலியை முழுதாக ஏற்றிக் கத்தினேன். “ஷபனா பாபி! ஷபனா பாபி! லில்லி ஆன்ட்டிகோ தேகோ!” லில்லி ஆன்ட்டியைப் போய்ப் பார் என்று கத்தியும் மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. மறுபடியும் கத்தினேன். டிபன் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் மேலே பார்த்தார்களாம். என் வாழ்க்கையில் ஒரு சத்தம் நிற்க வேண்டும் என்று அப்படி நான் வேண்டியதில்லை. மூன்றாவது தடவை கத்தியபோது மிஷின் நின்றது.

செருப்புச் சத்தம். “ஆன்ட்டி? கோன் சில்லா ரஹா ஹை?” யார் கத்துவது என்று கேட்கிறாள்.

“மை! டப்பே மே சே!” பெட்டிக்குள்ளிருந்து நான்தான் என்றேன்.

“யா அல்லா!” செருப்புச் சத்தம் வெளியே ஓடியது.

போய்விட்டாள் என்று நினைத்தேன். ஆனால் செருப்புச் சத்தம் திரும்பி வந்தது. “பூத் ஹோ யா ஜோ பீ ஹோ, போலோ க்யா கர்னா ஹை” என்றாள் நடுங்கிக்கொண்டே. பேயோ வேறு எதுவோ, என்ன செய்ய வேண்டும், அதைச் சொல். இந்த ஊரில் இத்தனை வருஷம் இருந்திருக்கிறேன். இதைவிட நல்ல வார்த்தையை நான் கேட்டதில்லை. உட்கார வை, கண் திறந்திருக்கிறதா பார், சீனித் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு என்றேன். ஷபனாவுக்குப் பொருத்தனை தெரியாது. ஸ்பூன் டம்ளரில் படுகிற சத்தம் கேட்டது. “பியோ, பியோ ஆன்ட்டி, ஷாபாஷ்” என்று குழந்தைக்குச் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டே ஊட்டினாள். ஓம்கார் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ரிக்‌ஷாவில் ஏற்றிப் பக்கத்து கிளினிக்குக்குக் கொண்டுபோனார்கள்.

பிற்பகலில் நான் போனேன். வீட்டுக்குத் திரும்பிவிட்டிருந்தார். முகத்தில் களைப்பு. பெட்டியின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடியிருந்தார். நான் தரையில் உட்கார்ந்தேன்.

“தினமும் நீதானா?”

“ஆமாக்கா.”

“கரண்டான்னு கேட்டது?”

“கேட்டுது.”

“அவரு குறட்டை விடுதது, சபையில அந்தப் புடவ?”

“எல்லாம் கேட்டுதுக்கா.”

“மனுசங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுதானே பெட்டிகிட்ட சொன்னேன்” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். உடுப்பு மாற்றும்போது கதவைத் திறந்துவிட்டவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். மன்னிப்புக் கேட்டேன். அவர் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. அவர் நினைப்பு வேறு இடத்தில் இருந்தது.

“பொருத்தனை முறிஞ்சு போச்சே.”

“நீங்களா முறிக்கலையேக்கா. ஷபனா ஊட்டினா.”

“அவ ஊட்டுனா. ஊட்டச் சொன்னது யாரு?”

“நான்தான்க்கா.”

“இனிமே உபவாசமே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இன்னும் மிச்ச வெள்ளிக்கிழமை கெடக்கு.” என்னையே பார்த்தார். “எனக்குப் பதிலா நீ இரி.”

“நானா? அக்கா, நாங்க அய்யர் வீடு.”

“அதுக்கென்ன, ஒனக்குப் பசிக்காதா?”

அன்று மாலையே எல்லா வீடுகளுக்கும் போய், பெட்டிக்குள் பேசியது நான்தான் என்று சொல்லிவிட்டு வர வேண்டும் என்றார் தலைவர். போனோம். சிலர் சிரித்தார்கள், ஒருவர் கதவைச் சாத்தினார். பெட்டியையும் மாற்றினோம். சாப்பிட்டீர்களா என்று அது கேட்பதை நிறுத்தினோம். ‘இன்று மாத்திரை வேண்டாம்’ என்று ஒரு பொத்தான் வைத்தோம். ஏன் என்று அது கேட்காது. மருத்துவருக்கு மட்டும் தெரியப்படுத்தும். யாருக்கும் காரணம் சொல்ல வேண்டாத இடம் ஒன்று நீங்கள் செய்கிற எல்லாவற்றிலும் இருக்கட்டும். ஆள் கேட்டால் பொய்யும் கருவி கேட்டால் உண்மையும் வரும் என்று நினைத்துத்தான் பெட்டி வைத்தோம். வந்த பொய்யும் உண்மையும் எங்கள் கணக்குப்படி வரவில்லை. உங்கள் கையில் எழுதிக் கொடுத்த வாக்கியங்கள் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அதைக் கிழித்து எடுக்கிற ஒரு ஆள் அறை வாசலில் இருக்கிறாரா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நீங்களே கிழியுங்கள்.

அந்தப் பெட்டி கடைக்கு வரவே இல்லை. இப்போது என் பெண் ராத்திரி பகல் இல்லாமல் போனிடம் என்னென்னவோ பேசுகிறாள். அது நல்ல தமிழில் பதில் சொல்கிறது. அந்தப் பக்கம் யாரும் இல்லை என்கிறாள். யாராவது இருந்தால் தேவலை என்று நான் நினைப்பதும் உண்டு.

மிச்ச வெள்ளிக்கிழமைகளில் நான் உபவாசம் இருந்தேன். நம்பிக்கையா என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. மூஞ்சி கழுவி, தலை வாரி, பொட்டு வைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். கீழே டிபன் கடையில் தோசை வார்க்கிற சத்தம் அந்த நாட்களில் கேட்டதுபோல் என்றும் கேட்டதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை என் பெண் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, “அம்மா, சாப்ட்டியா? மொகம் ஒரு மாதிரி இருக்கே” என்றாள். “ஆச்சு” என்றேன், கொஞ்சமும் யோசிக்காமல்.

மழைக்காலம் முடிந்து வெயில் திரும்பியிருந்தது. ஒரு மத்தியான வேளையில் என் போன் அடித்தது. சான்பாடா ஆஸ்பத்திரியிலிருந்து லில்லி அக்கா. பின்னால் ஒரே சத்தம், யாரோ பெயர் கூப்பிடுகிறார்கள், யாரோ அழுகிறார்கள், நல்ல அழுகை.

“பொம்பளப் பிள்ள” என்றார். “ரெண்டு பேரும் சொகம்.”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“ஏட்டி, கேக்கா? இன்னைக்கு நீ நல்லா வயிறு நெறையச் சாப்பிடு.”